பூஜ்யம் போட வேண்டிய கட்டம்

சுப்பீரியர் துறைமுகம், விஸ்கான்சின்
9 ஏப்ரல் 1987

லோரெய்ன் அக்காவுக்கு,

இது சமாதானம் பேச எழுதும் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் பேசி ஏழு மாதம் ஆகப்போகிறது. ஏரி உறைந்ததும் மற்ற கப்பல்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் இங்கே ஒரு மதுக்கடை மாடியில் அறை எடுத்துக் குளிர்காலத்தைக் கழித்தேன். பத்தொன்பது வருஷமாக நம் ஊர் ஹாக்கி அணியைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். லான்டர்ன்ஸ் கடைசி இடம், கடைசிக்கு முந்தின இடம், மறுபடி கடைசி இடம். நான் போகாத ஒரே வருஷம் பார்த்து அவர்கள் ஜெயிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நேற்று மதுக்கடைத் தொலைக்காட்சியில் கோப்பைக்கான அவர்களுடைய முதல் பிளேஆஃப் ஆட்டத்தைக் காட்டினார்கள். அரங்கம் நிரம்பி வழிகிறது. தப்பாட்டம் ஆடியவர்களை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டிக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில், என் இருக்கை மட்டும் காலி. அது எனக்குப் பொறுக்கவில்லை.

டிக்கெட் புத்தகம் சமையலறை மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது, என்னால் வர முடியாது. நீ போய் உட்கார். உனக்கு ஹாக்கி பிடிக்காது என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டாவது உட்கார்.

ஹெரன்ஸ் பேஸ்பால் ஆட்டத்துக்கு நான் இனி வரமாட்டேன். நீ உட்காரும் ஆறாம் பிளாக்கில் எல்லாரிடமும் சொல்லிவிடு, நிம்மதியாக இருப்பார்கள்.

காஸிமிர்


லோரிமர், ஒஹாயோ
17 ஏப்ரல் 1987

காஸ்,

சமாதானம் பேச எழுதவில்லை என்று ஒரு கடிதம் எழுத உன்னால்தான் முடியும்.

என்ன நடந்தது என்று மறந்தவன் மாதிரி பேசுகிறாய். நான் மறக்கவில்லை. செப்டம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. ஹெரன்ஸ் ஜெயித்தால் லீக் பட்டம். 1951-க்குப் பிறகு நம் ஊர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நேட் பிராக்டன் பந்து வீசுகிறான். எட்டாவது சுற்றில் இரண்டு பேர் அவுட், எதிரணியில் ஒருவனும் ஒரு அடிகூட அடிக்கவில்லை. ஒன்பது சுற்றும் அப்படி முடித்தால் அது ஒரு மனிதன் வாழ்நாளில் ஒரு தடவை பார்ப்பது. அந்த நேரத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் அணிக்காரர்களே அவன் பக்கத்தில் உட்காரவில்லை. ஆறாம் பிளாக்கில் ஒரு மனிதர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்.

நீ விரலை உடைத்துக்கொண்டு கரைக்கு வந்திருந்தாய். ஒன்பது வருஷத்தில் நீ பார்த்த முதல் பேஸ்பால் ஆட்டம் அது. மாதாகோவிலில் ஏலம் விடுகிறவன் மாதிரி, "அக்கா, இன்னும் ஒருத்தன்கூட அடிக்கலையே" என்றாய். அடுத்த பந்து சுவருக்கு வெளியே போய் விழுந்தது. பந்தை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போயிருந்த ஒருவனையும் சேர்த்து இரண்டு ஓட்டம், ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

பின்வரிசை ஹோர்வாத் உன்மேல் கடலை எறிந்தாளே, அது தப்புதான். நானும் எல்லார் முன்னாலும், "உன்னை யாருடா கரைக்குக் கூப்பிட்டா" என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

டிக்கெட் கிடைத்தது. போகிறேன். காசு கொடுத்து வாங்கிய இருக்கை வீணாகக்கூடாது என்பதற்காக மட்டும். நாள் முழுவதும் பள்ளிப் பேருந்தில் நாற்பது பேரின் கூச்சலைக் கேட்கிறேன், சாயங்காலம் இதையும் கேட்கிறேன். ஹாக்கியைப் பற்றி என் கருத்து மாறவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு ரப்பர் வட்டுக்காகப் பல் இல்லாத ஆம்பிளைகள் அடித்துக்கொள்கிறார்கள்.

லோரெய்ன்


'எல்மர் ஹேஸ்டிங்ஸ்' கப்பல், ஹ்யூரன் ஏரி
29 ஏப்ரல் 1987

அக்கா,

டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு எங்களோடு ஒட்டி ஓடிவந்தது. கயிற்றில் வாளியை இறக்கினோம். மேலே வந்த வாளியில் எனக்கு ஒரே ஒரு உறை, அதில் உன் கையெழுத்து. கப்பல் சமையல்காரனுக்கு யாரும் எழுதுவதில்லை என்பதால் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் உருளைக்கிழங்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

நீ சொல்வதெல்லாம் நடந்ததுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிராக்டனுக்கும் எனக்கும் நடுவில் இருநூறு அடி தூரம். பந்துக்குக் காதா இருக்கிறது? உங்கள் மேனேஜர் பெக்கட், தோள் தளர்ந்து போனவனை எட்டாவது சுற்றிலும் வீச விட்டான். அதைப் பற்றி ஆறாம் பிளாக்கில் ஒரு முனகல் இல்லை. கடலை எல்லாம் எனக்கு. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் நான் அரை மூட்டை உருளைக்கிழங்கு உரித்துவிடுவேன், அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு மனிதன் வாயை எவ்வளவு நேரம்தான் மூடி வைப்பான்?

இப்படி எழுதிவிட்டேனே தவிர, அன்று நான் சொன்ன அந்த வாக்கியம் குளிர்காலம் முழுவதும் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அன்று பட்டம் என்னால்தான் போனது என்று நானே நம்பிவிட்டேன்.

சரி, அரங்கத்தில் நீ செய்ய வேண்டியவை. பக்கத்து இருக்கை ஓட்டோ பிளம்பர் மாட்டு மணி கொண்டுவருவான், அதற்கு ஒன்றும் சொல்லாதே. நம் கோல்கீப்பர் ஒரு கோலும் விடாமல் ஆடினால் அதை நீயும் வாயால் சொல்லாதே. இங்கேயும் அதே சட்டம்தான். வட்டைத் தேடாதே, ஆட்களின் தோளைப் பார், வட்டு எங்கே என்று தானாகத் தெரியும். எங்கள் தற்காப்பு வரிசை மோசம், நெஞ்சைப் பிடித்துக்கொள். லூசியன் என்று ஒரு கியூபெக் பையன் இருக்கிறான், அவனை மட்டும் நம்பு.

காஸ்


லோரிமர்
25 மே 1987

டேய் காஸ்,

கோப்பை நமக்கு. நீ ரேடியோவில் கேட்டிருப்பாய், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும். லான்டர்ன்ஸ் ஐந்து, அவர்கள் இரண்டு. கோப்பை நமக்கு.

பதினோரு ஆட்டம் உன் இருக்கையில் உட்கார்ந்தேன். நாலாவது ஆட்டத்தில் வட்டு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஆறாவது ஆட்டத்தில் நடுவரைப் பார்த்து நான் சொன்ன ஒரு வார்த்தையை ஓட்டோ தன் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டான். உங்கள் தற்காப்பு வரிசையைப் பற்றி நீ எழுதியது போதாது. அவர்களை என் பேருந்தில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலாம்.

கடைசி ஆட்டத்தில் லூசியன் மூன்றாவது கோலைப் போட்டான். ஒருவன் ஒரே ஆட்டத்தில் மூன்று போட்டால் தொப்பியைக் கழற்றிப் பனித்தரையில் எறிய வேண்டுமாமே. நான் கோவிலிலிருந்து நேராக வந்திருந்தேன். என் தலையில் ஈஸ்டருக்கு வாங்கிய நீலத் தொப்பி. ஓட்டோ சொன்னான்: "நீங்க எறிய வேணாம்மா, நல்ல தொப்பி." நான் கேட்டேன்: "அப்ப அவன் போட்டது நல்ல கோல் இல்லையா?" எறிந்தேன். லூசியன் அதை எடுத்து நம் கோல்கீப்பர் தலையில் வைத்தான். இன்றைக்குப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் கோப்பை, கோல்கீப்பர், என் தொப்பி.

பிறகு ஒன்று நடந்தது. நீ எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இரண்டு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்த ஆட்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கை குலுக்கினார்கள். லூசியனின் உதட்டைக் கிழித்தவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டோ மணியை அடிப்பதை நிறுத்திவிட்டுக் கைக்குட்டை கொடுத்தான்.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கு முடியவில்லை. இன்றைக்குச் சந்தோஷமாக இருக்க விடு.

அக்கா


'எல்மர் ஹேஸ்டிங்ஸ்', டெட்ராய்ட் ஆறு
6 ஜூன் 1987

அக்கா,

இந்தத் தடவை உருளைக்கிழங்கு அறையில் ஒளியவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஏறி நின்று உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். தொப்பி எறிந்த இடத்தில் எஞ்சின்காரர்கள் தட்டைத் தட்டினார்கள். பத்திரிகைப் படத்தைக் கேட்டு வாங்கி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கேப்டன் ஆர்னெசன் அதைப் பார்த்துவிட்டு, "உங்கக்காவை நம்ம கப்பல்ல எடுத்துக்கலாம்டா, அந்த வாய்க்கு ஊதுகுழலே தேவையில்ல" என்றார்.

பத்தொன்பது வருஷம் காத்திருந்தவன் நான், பார்த்தவள் நீ. கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் என் இருக்கை காலியாக இல்லை. அது போதும்.

உன் ஹெரன்ஸ் எப்படி? பிராக்டன் தோள் குணமாகிவிட்டதா? பெரிய லீக்கிலிருந்து வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் ஒரு பட்டமாவது வாங்கிவிடுங்கள். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். பேஸ்பால் மைதானத்தின் வலதுபக்கச் சுவருக்குப் பின்னால்தான் எங்கள் இரும்புத்தாது இறக்கும் துறை. மாதம் ஒரு தடவை கப்பலை அங்கே கட்டுகிறோம். அங்கிருந்து மைதானத்து எண் பலகையின் முதுகு மட்டும் தெரியும். எனக்கு அது போதும்.

காஸ்


லோரிமர்
8 செப்டம்பர் 1987

காஸ்,

மே மாதம் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது நாலாவது.

உள்ளே ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். போன செப்டம்பர் பதினான்காம் தேதிக்கு நான் எழுதிய ஆட்டக் கணக்கு. ஒவ்வொரு பந்தையும் பென்சிலால்தான் குறிப்பேன், உனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகுதான் பேனாவை எடுத்துக் கடைசி வரிசையில் மொத்தம் போடுவேன். முப்பது வருஷப் பழக்கம். இப்போது அந்தப் பக்கத்தில் எதிரணியின் 'அடி' கட்டத்தைப் பார். பேனாவில் ஒரு பூஜ்யம் போட்டு, அதன்மேல் கோடு கிழித்திருக்கிறது.

அதை ஏழாவது சுற்றிலேயே போட்டேன். ஆசையை அடக்க முடியவில்லை. அந்தப் பூஜ்யம் அங்கே எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. போட்டுவிட்டு அரைச் சுற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் நீ வாயைத் திறந்தாய்.

நீ சொன்னது வெறும் பேச்சு. நான் செய்தது எழுத்து. பந்துக்குக் காதா இருக்கிறது என்று கேட்டாய். கண் இருக்கலாம் இல்லையா? எல்லாரும் உன் பக்கம் திரும்பினபோது நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கடலை உன்மேல் விழுந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் என்னை அரிக்கிறது. கூடப் பிறந்தவனை அத்தனை பேர் முன்னாலும் தனியாக நடந்து போக விட்டேன்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் கடைசி ஆட்டம், மறுபடியும் ஜெயித்தால் பட்டம். பிராக்டன்தான் வீசுகிறான். அன்றைக்கு உன் கப்பல் நம் துறையில் நிற்கும் என்று துறைமுக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் பக்கத்து இருக்கைக்கு டிக்கெட் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆறாம் பிளாக் முழுவதுக்கும் இதைச் சொல்லப்போகிறேன். நீ வா. வாயைத் திறந்துகொண்டே வா.

அக்கா


'எல்மர் ஹேஸ்டிங்ஸ்', லோரிமர் துறை
20 செப்டம்பர் 1987, ஞாயிறு, மதியம் 3.15

அக்கா,

நான் உன் பக்கத்தில் இல்லை. அது கோபத்தால் அல்ல என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் பதினாறாம் தேதி வாளியிலிருந்து எடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. ஒரு வருஷம் நான் சுமந்த மூட்டையில் பாதி உன்னுடையது என்று தெரிந்ததும் மீதிப் பாதிக்கும் எடை போய்விட்டது.

நேற்று ஆற்றில் மூடுபனி, கப்பல் தாமதம். பன்னிரண்டரைக்குத்தான் இங்கே கட்டினோம். இருபத்தாறு பேருக்குச் சோறு போட்டுவிட்டு ஏப்ரனோடு கேப்டனிடம் போய் நின்றேன். அவர் சொன்னார்: "ஒரு மணி நேரம் போயிட்டு வா. நாலு மணிக்குக் கயித்த அவுத்துடுவேன், உனக்காக நிக்கமாட்டேன்."

ஓடினேன். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஆறாவது சுற்று. உள்ளே ஆறாயிரம் பேர், ஆனால் கோவில் மாதிரி அமைதி. வாசல்காரர் டிக்கெட்டை வாங்கக் கை நீட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டு வளைவு வழியாக உன் முதுகு தெரிந்தது. பக்கத்தில் காலி இருக்கை. நீ அசையாமல் இருந்தாய்.

ஆட்டம் அப்படிப் போகும்போது யாரும் இடம் மாறக்கூடாது, காலி இருக்கையில் புதிதாக யாரும் போய் உட்காரக்கூடாது. எனக்கே தெரிகிறது பார். இருபது படி இறங்கினால் உன் பக்கத்தில் இருப்பேன். ஒரு வருஷம் இதற்காகத்தான் ஏங்கினேன். திரும்பி நடந்துவிட்டேன்.

3.35. உருளைக்கிழங்கு அறை. ரேடியோ இருக்கிறது. வர்ணனையாளரும் நல்ல மனிதர், வானிலை பற்றியே பேசுகிறார். இங்கும் வானிலை நன்றாக இருக்கிறது. காற்று இல்லை. எஞ்சின்கார ஸ்வென் கதவைத் திறந்து, "என்னடா, உங்க ஆளு இன்னும்…" என்று ஆரம்பித்தான். வாயில் ரொட்டியைத் திணித்து வெளியே தள்ளினேன்.

3.50. எட்டாவது சுற்று. போன வருஷம் இதே இடம். பதினேழு கிழங்கு உரித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, இரவுக்குச் சாப்பாடு மக்ரோனிதான்.

3.58. எட்டு முடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

4.05. கயிறு அவிழ்த்துவிட்டார்கள். மேல்தளத்துக்கு வந்துவிட்டேன். எஞ்சின் சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. எண் பலகையின் முதுகும் அதற்குப் பின்னால் ஏணியில் எண் தகடு மாட்டுகிற மனிதரும் தெரிகிறார்கள். அவர் கையில் தகடு எதுவும் இல்லை. கப்பல் மெல்ல நகர்கிறது. பேனாவைக் கீழே வைக்கிறேன்.

4.30. அந்த மனிதர் ஏணியிலேயே எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். அதற்குப் பிறகு சத்தம் தண்ணீர் மேல் வந்தது. கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரிடம் எதுவும் கேட்கவே இல்லை. ஊதுகுழல் கயிற்றை என்னிடம் காட்டி, "நீயே இழு" என்றார்.

காஸ்


லோரிமர்
24 செப்டம்பர் 1987

என் தங்கத் தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. பேருந்தை நிறுத்திவிட்டுப் படித்தேன். பின்னால் நாற்பது பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கை மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம், பேனா, எல்லாம். ஹோர்வாத்தான் முதலில் சொன்னாள்: "ஒரு பை கடலை முழுசா எறிஞ்சேனேடி அந்தப் பாவி மேல."

பிறகு நீ வரவில்லை. முதல் சுற்றில் தாமதம் என்று நினைத்தேன். ஐந்தாவது சுற்றில், நீ என்னை மன்னிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன். நான் அதற்குத் தகுதியானவள்தான். அடுத்த சுற்றிலேயே நீ என் முதுகுக்குப் பின்னால் இருபது படி தூரத்தில் நின்றிருக்கிறாய். திரும்பிப் பார்த்திருந்தால் கூப்பிட்டிருப்பேன், எல்லாம் கெட்டிருக்கும். நல்லவேளை.

ஒன்பதாவது சுற்றில் இரண்டு பேர் அவுட். கடைசி ஆள் வலதுபக்கம் ஓங்கி அடித்தான். பந்து உன் துறையைப் பார்த்துப் போனது. நம் ஆள் பின்னாலேயே ஓடி, சுவரில் முதுகு மோதி, எண் பலகைக்குக் கீழே பிடித்தான். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஹோர்வாத்தைத் தூக்கிச் சுற்றினேன் என்கிறார்கள். அவள் நூற்றெண்பது பவுண்டு.

அப்போதுதான் அது வந்தது. மூன்று நீள ஊதல், இரண்டு குட்டை. கேப்டன்மார்கள் மரியாதை சொல்லும் ஊதல். மைதானமே திரும்பியது. பிராக்டனை மேலே தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள், அவன் தொப்பியைக் கழற்றித் தண்ணீர்ப் பக்கம் காட்டினான். யாரோ, "யாருக்குய்யா ஊதறாங்க?" என்று கேட்டார்கள். நான் என் முழுத் தொண்டையில் சொன்னேன்: "அது என் தம்பி. உள்ள வந்துட்டு, வாயத் திறக்காம திரும்பிப் போயிருக்கான்." அப்போது எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. தெரிந்தது. ஆறாம் பிளாக் முழுவதும் எழுந்து உன் கப்பலைப் பார்த்துக் கை தட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அது உனக்கென்று தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தாறு வருஷம் கழித்துப் பட்டம் நம் ஊருக்கு வந்திருக்கிறது. ஒரே வருஷத்தில் உன் கோப்பையும் என் பட்டமும். ஜனவரியில் ஏரி உறைந்ததும் நேராக வீட்டுக்கு வா. லான்டர்ன்ஸ் அரங்கத்தில் உன் பக்கத்து இருக்கையை ஓட்டோவிடம் பேசி வாங்கிவிட்டேன், அவனும் அவன் மணியும் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். தற்காப்பு வரிசையைப் பற்றி நாம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இத்துடன் அன்றைய ஆட்டக் கணக்கை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பந்தும் பென்சிலில் இருக்கிறது. மொத்தம் எல்லாம் பேனாவில் போட்டுவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் காலி. ஆட்டம் முடிந்துவிட்டது, இனி எதுவும் கெட்டுப்போகாது. அதை நீ போடு. பேனாவில் போடு.

அக்கா


'எல்மர் ஹேஸ்டிங்ஸ்', டெட்ராய்ட் ஆறு
30 செப்டம்பர் 1987

அக்கா,

தபால் படகு இன்னும் இரண்டு நிமிஷம்தான் எங்களோடு ஓடும், அதற்குள் எழுதுகிறேன். பக்கத்தை இதே வாளியில் இறக்குகிறேன்.

போட்டுவிட்டேன். வட்டம் சரியாக வரவில்லை, கொஞ்சம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. யாராவது கேட்டால், கப்பல் ஆடியது என்று சொல்லிக்கொள். கப்பல் ஆடவில்லை.

காஸ்